திரு. எம்மெட் அவர்களுக்கு

சங்க அறையில் நான்கு பேர் இருந்தோம். தலைவர் ரெஜிஸ் மேசையின் தலைப்பக்கம், லூசில் ஜன்னலோரம், வைனோ கதவருகே; இருபது வருடமாகச் சங்கத்தின் கடிதங்களை எழுதும் நான் மூலையில்.

ஒன்டாரியோ நிக்கல் சுரங்க வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் சட்டத்துக்கு, எங்கள் சங்கம் ஜெயிக்கவைத்த சட்டமன்ற உறுப்பினர் எம்மெட்டும் கை தூக்கியிருந்தார்.

"சங்கத்தவிட்டு நீக்கியாச்சு. எழுது," என்றார் தலைவர்.

'சகோதரர் எம்மெட்' என்று ஆரம்பித்தேன்.

"இனி என்ன சகோதரர்? 'திரு'ன்னு போடு," என்றாள் லூசில், ஜன்னலைப் பார்த்தபடி.

அடித்துவிட்டு எழுதினேன்.

"இதையும் நீதான் எழுதணுமாப்பா?" என்றார் வைனோ.

"உங்க மூணு பேர் கையெழுத்த யாரால படிக்க முடியும்?"

"அப்ப தபால் எதுக்கு? கையிலயே எடுத்துட்டுப் போயேன், எம்மெட்."

"விதிப்படி தபால்லதான் போகணும்," என்றேன்.

உறையை ஒட்டினேன். என் வீட்டு முகவரியை எழுதி, போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டேன்.