லண்டன் முகவரி

போனில் இருக்கும் ஊர் மறுபடியும் பிராங்பர்ட் என்றே காட்டியது.

ஜீவனுக்கு வியர்த்துக் கொட்டியது. மணி பன்னிரண்டு ஐம்பது. ஒரு மணிக்குக் கிள்ளான் வீட்டில் அப்பாவுக்குத் திதிப் படையல். அம்மா காணொளியில் கூப்பிடுவாள். தங்கை வாணி போன வாரம் அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்த புதுச் செயலி, பேசுபவரின் பெயருக்குக் கீழே ஊரையும் காட்டித் தொலைக்கும்.

அங்கே லண்டன் என்று இருந்தாக வேண்டும்.

லண்டனில் வேலை போய், பெட்டியோடு திரும்பி வந்து, கிள்ளானிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில், பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடை மாடியில் அறை எடுத்து நாற்பது நாளாகிறது. அம்மாவுக்குத் தெரியாது. தாமான் குடியிருப்பு முழுக்க, வீடு வீடாக, ‘எம் மவன் லண்டன்ல’ என்று சொல்லி வைத்திருப்பவள். அவள் முகம் சுருங்குவதை இவனால் பார்க்க முடியாது.

அதற்காகத்தான் லண்டனில் ஒரு சர்வரை வாடகைக்குப் பிடித்து, தன் இணைப்பு அங்கிருந்து வருவதுபோல் காட்ட விபிஎன் போட்டான். அந்தச் சர்வருக்கு இரண்டு இணைய முகவரிகள். இரண்டாவதுதான் அசல் லண்டன். முதலாவது, இணைய ஊர்ப் பட்டியலில் எவனோ என்றைக்கோ பதிந்தபடி இன்னும் பிராங்பர்ட்டாகவே கிடக்கிறது.

இவன் உள்ளே போவது இரண்டாவதன் வழியாக. சர்வரோ வெளியே வரும்போது முதலாவதை மாட்டிக்கொண்டு வருகிறது.

வெளியேறும்போதும் இரண்டாவதையே போடு என்று விதி எழுதியாயிற்று. அப்புறமும் ஏன்?

ஆறு வருடம் இதே வேலையை அடுத்தவர்களுக்குச் செய்து கொடுத்தவன். சொந்தக் காரியம் என்றதும் எழுதிய வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு ஐம்பத்தாறுக்குத்தான் கண்ணில் பட்டது. புது விதியை, முதலாவதைப் போடச் சொல்லும் பழைய விதிக்குக் கீழே எழுதியிருக்கிறான். சர்வர் மேலிருந்து படிக்கும். முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். கத்துக்குட்டிகூடச் செய்யாத தப்பு.

பழைய விதியை அழித்தான். இணைப்பை அறுத்து மறுபடியும் போட்டான்.

லண்டன்.

அங்கே இப்போது விடியற்காலை ஐந்து. சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டான். விளக்கைப் போட்டான். போதாததற்கு ஸ்வெட்டரையும் மாட்டிக்கொண்டான்.

போன் அடித்தது.

திரையில் அம்மா. பின்னால் அப்பாவின் படம், அதன் முன்னால் நிறைந்த இலை. வாணி எட்டிப் பார்த்து, ஊர்ப் பெயரைப் படித்து, கையாட்டினாள். அப்பாடா என்றிருந்தது.

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காக்காவுக்குச் சோறு வைத்து வரச் சொல்லி வாணியைக் கொல்லைக்கு அனுப்பினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் போனை வாயருகே கொண்டுவந்தாள்.

“ஸ்வெட்டர கழட்டுப்பா, வேர்த்து ஒழுகுது. போன மாசம் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்கு வந்தப்பவே உன்ன ரோட்டுல பார்த்துட்டேன், நீயா சொல்லுவன்னுதான் கூப்பிடாம வந்துட்டேன். உனக்கும் இலை போட்டாச்சு, அடுத்த ட்ரெய்ன பிடிச்சு வா லா... நீ வர்ற வரைக்கும் இங்க யாரும் கை நனைக்க மாட்டோம்.”