ஒரு ஓட்டு வித்தியாசம்

“அந்த ஒரு ஓட்டு என்னுதும்மா ஜானட்டு” என்றார் எபினேசர்.

காலையிலிருந்து இதைச் சொன்னவர்களில் அவர் பதினேழாவது ஆள்.

போன மாதம் வரை கல்மண்டபத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஜானட், ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் கவுன்சிலர் ஆகிவிட்டார். மூன்று முறை கூட்டிப் பார்த்தார்கள். மூன்று முறையும் அதே ஒன்று.

அன்றிலிருந்து வார்டில் அந்த ஒன்றைப் போடாதவர் யாரும் இல்லை.

பதவியேற்ற நான்காம் நாள் அது. சாக்கடை அடைப்பு எடுக்கும் லாரி அவர் வீட்டு வாசலில் என்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது. மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். வந்தால் ஒரு சந்துக்குத்தான் நேரம் இருக்கும்.

அடைத்துக்கொண்டிருந்தவை ஆறு சந்துகள்.

எந்தச் சந்து என்று கவுன்சிலர் சொல்ல வேண்டும். ஒரு ஓட்டில் ஜெயித்தவருக்கு ஒரே ஒரு விரோதிகூடக் கட்டுப்படியாகாது.

“மேடம், பத்து நிமிசந்தான் நிப்பேன். அப்பால நா பேசின் பிரிட்ஜுக்குப் போயிக்கினே இருப்பேன்” என்றார் டிரைவர்.

எபினேசர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் எண்ணூரிலிருந்து வருகிறார்கள். இப்போதைய நிலவரப்படி இரண்டாவது சந்துக்குள் வர அவர்களுக்குப் படகு வேண்டும்.

“மூட்டு வலியோட போயி உனுக்கு அமுக்குனேன். அத்த மறந்துடாத.”

“அங்கிள், பீலா வுடாதீங்க” என்று குறுக்கே வந்தார் ஐந்தாவது சந்து நவ்ரீன். “நா எட்டு மாச வவுத்தோட போயி நின்னேன். ஜானட்டக்கா, அந்த ஒண்ணு என்னுது.”

“வவுத்துல கீறதையும் சேத்தா ரெண்டு ஓட்டுல ஜெயிச்சிருக்கணுமே. கணக்கு ஒதைக்கிதே!” என்றார் எபினேசர்.

வரிசை சிரித்தது. ஜானட் சிரிக்கவில்லை. அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே கவுன்சிலரின் கணவர் ஹென்றி டீ போட்டுக்கொண்டிருந்தார். பதவியேற்பு அன்று ரயில்வேயில் ஒருநாள் லீவு போட்டவர். அந்த ஒருநாள் இன்னும் முடியவில்லை.

அப்போதுதான் வரிசையின் கடைசியில் அந்தப் பெண் வந்து நின்றார். புடவை கணுக்காலுக்கு மேல் செருகியிருந்தது. பாதம் இரண்டும் கறுப்பாக இருந்தன.

வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எபினேசர் தொண்டையைச் செருமிக்கொண்டு வழிவிட்டார்.

“வா எல்சி” என்றார் ஜானட்.

எல்சி முதலில் அடுப்பங்கரையைத்தான் எட்டிப் பார்த்தார். “எத்தினாவது டீண்ணா இது?”

“அறுவதுக்கு மேல எண்றத வுட்டுட்டேம்மா” என்றார் ஹென்றி. “ஒரே பேஜாரு.”

“அய்யோ பாவம்” என்றார் எல்சி. முகத்தில் பாவம் அவ்வளவாகத் தெரியவில்லை. பெரிய நிம்மதி ஒன்று தெரிந்தது.

பிறகு ஜானட்டிடம் திரும்பினார். “நாலாவது சந்துல வூட்டுக்குள்ளயே வந்துட்ச்சிக்கா. கலீஜ் தண்ணில நின்னுகினுதான் சோறாக்குறேன். முடிஞ்சா பாருங்க.”

அவ்வளவுதான்.

மிச்சத்துக்காக ஜானட் காத்திருந்தார். மிச்சம் வரவில்லை.

“ஓட்டப் பத்தி ஒண்ணும் சொல்லலியே எல்சி?”

“அத்த வெளிய சொல்லக் கூடாதாமேக்கா” என்றார் எல்சி.

டிரைவர் ஹார்ன் அடித்தார்.

“நாலாவது சந்து” என்றார் ஜானட்.

வாசல் கொதித்தது. “இன்னாம்மா ஜானட்டு, போயும் போயும் அந்த வூட்டுக்கா?” என்று எபினேசர் துண்டை உதறினார்.

“பதினெட்டு பேரு வந்து ஒரே ஓட்டச் சொல்றீங்க. ஒருத்தருக்குக் குடுத்தா மீதி பதினேழு பேரு என்னக் கடிச்சிடுவீங்க. எல்சி ஒண்ணுதான் சொல்லாம நிக்கிது.” ஜானட் செருப்பை மாட்டினார். “ஞாயித்துக்கெழம உன் சம்பந்தி வூட்ட இங்க இட்டுகினு வா மாமா. நிச்சயத்த நம்ம மொட்டமாடில வச்சிக்கலாம்.”

“டீ யாரு போடறது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எபினேசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வரிசை கலைந்து, லாரிக்குப் பின்னால் ஊர்வலமாக நடந்தது.

நாலாவது சந்தில் குழாயை இறக்கி முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு பூமிக்கடியில் யாரோ ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தம். தண்ணீர் மடமடவென்று இறங்கியது. பத்து நாளைக்குப் பிறகு சந்துக்குத் தரை தெரிந்தது. ஆளுக்கு ஆள் விசிலடித்தார்கள்.

கடைசி வீட்டுக் கதவு திறந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு சைமன் வெளியே வந்தார்.

எல்சியின் கணவர். அந்த ஒரு ஓட்டில் தோற்ற வேட்பாளர். தன்னைக் கவிழ்த்தது யார் என்று மூன்று வாரமாக வாக்காளர் பட்டியலில் சிவப்பு மையால் டிக் அடித்துக்கொண்டிருப்பவர்.

விசில் சத்தத்தைக் கேட்டதும் சைமன் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

“பாத்தீங்களா? தோத்தாலும் சைமன் சந்துக்குத்தான் வண்டி மொதல்ல வருது! அந்த ஒரு துரோகி மட்டும் எவன்னு தெரியட்டும், அப்பால கீது!”

முதலில் கைதட்டியவர் ஜானட்தான். பிறகு சந்தே தட்டியது.

சைமனின் முதுகுக்குப் பின்னால் எல்சி கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஜானட் பார்ப்பதைப் பார்த்ததும், இடது கை ஆள்காட்டி விரலை மெதுவாக உதட்டின் மேல் வைத்தார்.

நகத்தில் மை இன்னும் போகவில்லை.