வேகாத அரிசி

அரிசி இன்னும் வேகவில்லை.

அவன் மூடியைத் திறந்து பார்த்தான். கறுத்த நீள மணிகள் பளபளவென்று கொதிநீரில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வாய் பிளக்கவில்லை.

சமையலறைக்கு வெளியே, கூடத்தில், அவன் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த ஊரே உட்கார்ந்திருந்தது. மான்கறி தயார். பூசணி தயார். பொரித்த ரொட்டி துணிக்கடியில் ஆறிக்கொண்டிருந்தது.

முதல் தட்டு இறந்தவருக்கு. அதில் ஏரி அரிசி இருக்க வேண்டும். மகன் அந்தத் தட்டைக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பாட்டில் கை வைப்பார்கள்.

ஏரித் தண்ணீரில் தானாக விளையும் அந்த அரிசிக்கு அவர்கள் மொழியில் மனோமே என்று பெயர். அதை வைத்துத்தான் பக்கத்து அமெரிக்கப் பழங்குடி இனத்தார் அவர்களை மெனோமினி என்றார்கள். அரிசிக்காரர்கள். தங்கள் மொழியில் அவர்கள் தங்களை வெறுமனே மக்கள் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அப்பாவுக்கு இரண்டு பெயரும் ஒன்று. அரிசி இருக்கும்வரைதான் மக்கள் என்பார்.

அத்தை பக்கத்தில் வந்து நின்றாள். அப்பாவின் தங்கை. கரண்டியில் ஒரு மணியை எடுத்து விரலால் நசுக்கினாள்.

நசுங்கவில்லை.

அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

கையால் தட்டி எடுத்து, விறகுத் தீயில் வறுத்த ஏரி அரிசி நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் வெந்துவிடும். பழுப்பாக, மெத்தென்று விரியும். வயலில் விதைத்து இயந்திரம் அறுத்த கடை அரிசிதான் இப்படிக் கறுத்துக்கிடந்து அடம்பிடிக்கும். அந்த ஊரில் பல் முளைத்த குழந்தைக்கும் இது தெரியும்.

அவன் கடை அரிசியை அப்பாவின் பழைய துணிப்பையில் கொட்டி எடுத்து வந்திருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனுக்குச் சோறே வேகவில்லை.

போன இலையுதிர் காலம்.

அப்பா புகையிலைத் துகளைக் காணிக்கையாக நீரில் தூவி, தங்கள் மொழியில் ஏரியோடு பேசினார். அவனுக்குப் பாதி புரிந்தது. அவன் கழி ஊன்றிப் படகைத் தள்ளினான். அப்பா ஒரு குச்சியால் கதிரை வளைத்து, இன்னொன்றால் தட்டினார். நடுநடுவே இருமினார். அவருக்கு இதுதான் கடைசி அறுவடை என்று இருவருக்கும் தெரியும்.

கரையில் இறங்கியதும் ஒன்றே ஒன்று சொன்னார். ஈர அரிசி, இன்றைக்கே விரித்துப் போடு.

அவன் மூட்டையை வண்டியின் பின்னால் போட்டான். போட்டது போட்டபடியே நண்பர்களோடு நகரத்துக்குப் பந்தாட்டம் பார்க்கப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து அவிழ்த்தபோது மூட்டை உள்ளே கொதித்துக்கிடந்தது. கை விட்ட இடமெல்லாம் பூஞ்சை.

காட்டோரத்தில் கொட்டினான். வண்டியைக் கழுவினான். எல்லாம் வறுத்துப் பத்திரமாக வைத்தாயிற்று என்று அப்பாவிடம் சொன்னான்.

அப்பா தலையாட்டினார்.

அதன் பிறகு அவர் படுக்கையை விட்டு எழவில்லை. கொஞ்சம் அரிசி வை என்று கேட்டுவிடுவாரோ என்று குளிர்காலம் முழுக்க அவன் பயந்தான். அவர் கேட்கவில்லை. ஓட்ஸ் கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். நோயில் நாக்கு செத்துப்போயிற்று என்று அவன் நினைத்தான். அப்படி நினைத்ததில் வெட்கங்கெட்ட நிம்மதி வேறு.

கூடத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"மனோமே ஆயிடுச்சா?"

அத்தை அடுப்பை அணைத்தாள். பின்வாசல் வழியாக வெளியே போனாள். கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

சொல்லப்போகிறாள் என்று நினைத்தான். எல்லோர் முன்னாலும். சொல்லித் தொலைக்கட்டும் என்றுகூட இருந்தது.

திரும்பி வந்தவள் கையில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. உள்ளே பழுப்பு அரிசி.

சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மணிகள் ஒவ்வொன்றாக விரிந்தன. விறகுப்புகை வாசனை அறை முழுக்கப் பரவியது.

"எங்க வீட்டு அரிசி. தன்னோட முதல் தட்டுக்குன்னு உங்கப்பாதான் கொண்டாரச் சொன்னாரு" என்றாள். "பனி விழறதுக்கு முந்தியே சொல்லிட்டாரு. தேவைப்பட்டா மட்டும் எடுன்னாரு."

முதல் தட்டை நிரப்பி அவன் கையில் கொடுத்தாள்.

பனி விழுவதற்கு முன்பே.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள்கூட அப்பா அரிசி கேட்கவில்லை.

கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தட்டு கையைச் சுட்டது.