கோயில் மண்

"வாள் சண்டைன்னு சொல்லு லாசரோ, உயிர் தப்பிச்சுக்குவ," என்றார் நீதிபதி உருத்தியா.

லாசரோ சிறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது கையில் ரத்தம் ஊறிய கட்டு. பன்னிரண்டு வருடம் கடலில் அலைந்தவன். லாசரோ என்பதுகூடக் கப்பலில் ஒட்டிக்கொண்ட பெயர்தான். போன வாரம் கார்த்தகெனா துறைமுகத்தில் இறங்கினான். நான்காம் நாளே, கஸ்பார் என்ற உள்ளூர்க்காரனோடு கடற்கரையில் வாளுக்கு வாள் நின்று, அவனைக் கொன்றுவிட்டான்.

"எதுக்குச் சண்டை?"

"எங்கம்மாவைப் பத்தி அசிங்கமா ஒரு வார்த்தை சொன்னான்."

"அது போதும். ரெண்டு பேரு பேசி வச்சு வாள் எடுத்தா மரண தண்டனைன்னுதான் அரசரோட சட்டம். ஆனா கவர்னர் இதுவரைக்கும் யாரையும் தூக்குல போட்டதில்ல. பத்து வருஷம் கோட்டையில கல் சுமக்கணும், அவ்வளவுதான்."

"செத்தவனுக்கு?"

"அவனும் குற்றவாளிதான். வீடு அரசருக்குப் போயிடும். கோயில் மண்ணுல இடம் கிடையாது. ஊருக்கு வெளியே குப்பை மேட்டுல புதைக்கணும். அவன் அம்மாதான் பாவம். முந்தாநாள்லேர்ந்து கோயில் வாசல்ல பிணத்தோட உக்காந்திருக்கு. பாதிரியார் கதவைத் திறக்கல."

லாசரோ நிமிர்ந்தான். "இந்த வெயில்லயா?"

"ஓலை விசிறியால ஈ ஓட்டிக்கிட்டே இருக்கு."

லாசரோ தன் கைக்கட்டைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"சண்டையே நடக்கலய்யா. மறைஞ்சிருந்து பாஞ்சு குத்தினேன். அவன் வாளை உருவவே இல்ல."

"உனக்கென்ன பைத்தியமா? அவன் வாள்ல ரத்தம் இருக்கு. உன் கையில வெட்டு இருக்கு!"

"அவன் வாளை எடுத்து நானே வெட்டிக்கிட்டேன். சண்டைன்னு நீங்க நம்பணுமே."

பொய் என்று நீதிபதிக்குத் தெரிந்தது.

"கொலைன்னா மன்னிப்பே கிடையாது. நாளைக்குக் காலையில தூக்கு."

"அவனைக் கோயில்ல புதைப்பாங்கல்ல? வீடு அந்தம்மாவுக்கே இருக்கும்ல?"

"இருக்கும். அதுக்காக அந்தம்மா உனக்கு நன்றி சொல்லும்னு நினைக்கிறியா? தூக்குமேடைக்கே வந்து மூஞ்சியில துப்பும்."

"அவங்களை மட்டும் அங்க வர விடாதீங்கய்யா. எழுதுங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த எழுத்தர் வாக்குமூலத்தை எழுதி முடித்தார். கோயில் கதவைத் திறக்கச் சொல்லி ஓர் ஆள் ஓடினான்.

"அப்பா பேரு?" என்று கேட்டார் நீதிபதி.

"தெரியாது. எங்கம்மாவுக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடி பொறந்தவன் நான்."

"அம்மா பேரு?"

லாசரோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அதைப் போடாம விட்டுடுங்கய்யா. நான் இன்னும் கடல்லதான் இருக்கேன்னு அவங்க நினைச்சுக்கட்டும். அங்க ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற எங்கம்மாவுக்கு, ஒரு பிள்ளையோட சாவு போதும்."