தெரியுதும்மா

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கட்டிலின் மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. பக்கவாதத்தில் இடது கால் மரத்துப்போன அப்பா, தலையணையில் முகம் புதைத்துக் குப்புறப் படுத்திருக்கிறார். மசாஜர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், நாலு மாதம் மல்லுக்கட்டிச் சத்தத்தை அடக்கிய புது மசாஜரை அவருடைய இடது கெண்டைக்காலில் அழுத்துகிறாள். மோட்டாரைச் சுற்றி ரப்பர் வளையம், மூடிக்குள் ஸ்பாஞ்ச், பல்சக்கரங்களில் கெட்டி கிரீஸ். தோல் அலையலையாய் அதிர்கிறது. கடிகார முள் நகர்வதுகூடக் கேட்கிறது. "ஆரம்பிம்மா," என்கிறார் அப்பா. "ஓடிட்டுத்தான்ப்பா இருக்கு." "விளையாடாத. சார்ஜ் போட மறந்துட்டியா?" வேகத்தைக் கடைசிவரை ஏற்றுகிறாள். அவள் மணிக்கட்டே நடுங்குகிறது. "எங்க, நீ இன்னும் காலுல வைக்கவே இல்லையே." அவள் சுவரைப் பார்க்கிறாள். பழைய மசாஜரை வைக்கும்போதெல்லாம் அப்பா 'தெரியுதும்மா' என்று சொன்ன நாட்களுக்கு அவள் பச்சை மையில் டிக் அடித்த காலண்டர் அங்கே தொங்குகிறது. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. "பழசையே எடும்மா, அதுதான் நமக்குச் சரி." எடுக்கிறாள். பொத்தானை அமுக்கியதும் அது மிக்ஸிபோல் அலறுகிறது. காலில் வைக்காமல் ஒரு சாண் உயரத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்பாவின் தோள்கள் தளர்கின்றன. "ஆங்... இப்பத் தெரியுதும்மா. இன்னும் கொஞ்சம் கீழ." அவள் காற்றிலேயே கொஞ்சம் கீழே நகர்த்துகிறாள்.