கீழ் சிலிண்டர்

அண்ணி கொண்டுவந்த பழைய படகு மோட்டாரில் மேல் சிலிண்டரின் அழுத்தம் நூற்றிருபது, கீழ் சிலிண்டரில் ஐம்பதுதான். மெக்கானிக் அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சோதித்தான், அழுத்தமானியின் முள் ஏறியது. அப்படியென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. அலுப்போடு பிரித்து, கீழ் பிஸ்டனைக் கழற்றித் தட்டில் வைத்தான்.

“புது ரிங் வர ஒரு வாரமாகும் அண்ணி.”

“நாளைக்கு ஆள் ஏத்தலைன்னா துறையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க தம்பி. உங்கண்ணன் போனதுலேருந்து எங்க அடுப்பு எரியறதே இதாலதான்.”

வெறுங்கையோடு அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. ஒற்றைச் சிலிண்டரிலாவது ஓடட்டும் என்று அந்தப் பிஸ்டனைத் தட்டிலேயே விட்டு மற்றதைத் திரும்பப் பூட்டி, மேல் சிலிண்டரைப் பார்க்க அழுத்தமானியைத் திருகிக் கயிற்றை இழுத்தான். நூற்றிருபது. பிறகுதான் கவனித்தான், அசதியில் கீழ்த் துளையில் மாட்டியிருந்தான். பிஸ்டனே இல்லாத சிலிண்டர். மறுபடி இழுத்தான். அதே நூற்றிருபது.

“என்ன தம்பி, திருட்டு முழி முழிக்கிறே?”

“ஒண்ணுமில்ல அண்ணி. எடுத்துட்டுப் போங்க, ஓடும்.”

மறுநாள் காலை படகு ஆட்களோடு அக்கரைக்குக் கிளம்பிய சத்தம் பட்டறைவரை சீராகக் கேட்டது. தட்டிலிருந்த பிஸ்டனைத் தொட்டவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். கொதித்தது.

மாலைவரை உழைக்கவேண்டுமே என்று, எண்ணெய்க் குப்பியை எடுத்து அதன்மேல் சொட்டுச் சொட்டாக விட்டான்.