பிரசவ லேகியம் வீட்டிலேயே செய்வது எப்படி?

தலைப்பு சரியாகத்தான் இருந்தது.

அதன் கீழே வரும் இரண்டு வரி விளக்கமும் சரி. சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி. அளவும் பக்குவமும்.

உள்ளே போனால் லேகியத்தைக் காணோம்.

அவள் மறுபடியும் வாசித்தாள்.

'கட்டிலை ஜன்னல் ஓரமாக மாற்றிப் போட்டிருக்கிறது. குளிக்கும் அறையில் இப்போது வெந்நீர் வரும். பின்வாசலுக்குப் பழைய பூட்டுதான். கடையை மத்தியானமே அடைத்துவிடுகிறேன். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.'

அவ்வளவுதான். ஐந்து வரி.

இதில் அவளுக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். சொல்கிறேன். கடைக்காரர்கள் இணையத்தில் பக்கம் போடுகிறார்கள் இல்லையா, தலைப்பில் ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றை வைத்தால் அந்தப் பக்கம் தேடுகிறவர் கண்ணில் படாது. எங்கோ கடைசியில் கிடக்கும். தலைப்பு, விளக்கம், உள்ளே இருப்பது, மூன்றும் ஒன்றையே பேசுகின்றனவா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பேசினால் பச்சை. பேசாவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்த பக்கத்தில் இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதிப் போட்டுவிடுவார்கள்.

இது விருதுநகரில் ஒரு நாட்டு மருந்துக் கடையின் பக்கம்.

பக்கத்து நாற்காலி ரெபேக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, அண்ணாச்சி கட்டில் கடையும் வச்சிருக்காரா?"

அவள் சிரித்தாள். ஆனால் சிவப்பைத் தொடவில்லை.

யாருக்கு அந்தக் கட்டில்?

கடைக்காரர் தனுஷ்கோடியின் எண் அதிலேயே இருந்தது. கூப்பிட்டாள்.

உள்ளே இருப்பது மாறி ஏறிவிட்டதோ என்று கேட்டாள். இல்லை, எல்லாம் தான் எழுதினதுதான் என்றார். உள்ளே லேகியம் இல்லாததால் பக்கம் பின்னால் கிடக்கிறது என்று விளக்கினாள். எவ்வளவு பின்னால் என்று கேட்டார். தேடினால் வருகிற வரிசையில் ஒன்பதாவது பக்கத்தில் என்றாள்.

அவ்வளவு தூரம் யாரும் வந்து பார்க்க மாட்டார்களா என்று கேட்டார்.

மாட்டார்கள் அண்ணாச்சி என்றாள்.

போனின் அந்த முனையில் உலக்கை இடிக்கிற ஓசை மட்டும்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். மகள் பொன்மலர் மூன்று வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று தெருவே கூடி நிற்கும்போது சொன்னவர் அவர்தான். அவள் நம்பரை மாற்றிக்கொண்டாள். போன மாதம் சரக்கு ஏற்றி வந்த லாரிக்காரர், வடக்கே ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்ததாகச் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கு ஞாபகமில்லை. நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போலத் தெரிந்ததாம்.

"தாயில்லாத பிள்ள தாயி. லேகியம் கிண்டணும்னா யார்ட்ட கேப்பா? போன்லதான கேப்பா."

கடைக்குப் போர்டு மாட்டுவதுபோல நினைத்திருந்தார் மனிதர். மேலே லேகியம் என்று இருந்தால் தேடுகிறவள் உள்ளே வந்துவிடுவாள். வந்தவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்ளலாம்.

அவள் நோட்டைத் திறந்தாள். லேகியத்துக்கு அளவு கேட்டாள்.

மூச்சு விடாமல் ஒப்பித்தார். முப்பது வருஷம் பொட்டலம் கட்டின கை. சுக்கு இத்தனை, கண்டந்திப்பிலி இத்தனை, நெய் இத்தனை.

பக்குவம் கேட்டபோதுதான் நின்றுவிட்டார். அடுப்பில் வைத்துக் கிண்டினது அவர் வீட்டுக்காரி. அவர் நின்று பார்த்ததில்லை.

ரெபேக்காவுக்குப் போன வருஷம்தான் பிள்ளை பிறந்தது. தன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நெய் பிரிஞ்சு வரணும். அதுவரைக்கும் கிண்டுற கைய நிறுத்தக் கூடாது. ஒத்த ஆளால ஆகாதுடி."

அளவை எழுதினாள். பக்குவத்தை எழுதினாள்.

கடைசியில் எழுதினாள்: 'ஒருவரால் ஆகாது. கூட ஒருவர் வேண்டும்.'

அதற்குக் கீழே அவருடைய ஐந்து வரிகளை அப்படியே விட்டாள். அங்கே அவை உறுத்தவில்லை.

விளக்கத்துக்கு இத்தனை எழுத்துதான் என்று கணக்கு உண்டு. மிளகையும் திப்பிலியையும் எடுத்துவிட்டாள். கிடைத்த இடத்தில் வைத்தாள்: 'கிண்டித் தர வீட்டில் ஆள் உண்டு.'

பச்சை.

ஒன்பதில் கிடந்த பக்கம் ஆறுக்கு வந்தது. அப்புறம் மூன்றுக்கு. தினமும் காலையில் கைப்பையை இறக்கி வைக்கும் முன்பே பார்த்தாள். சோறு வடிக்கும்போதுகூட, யார் யாரெல்லாம் இப்போது அதை வாசிக்கிறார்களோ என்றிருக்கும்.

ஒரு வியாழக்கிழமை அந்தப் பக்கம் வழியாகக் கடைக்கு ஓர் ஆர்டர் வந்தது. ஆர்டர்கள் முதலில் இவர்களிடம்தான் வரும்.

லேகியச் சாமான், ஒரு செட்.

பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி.

ஊர், ராய்ச்சூர். வடக்கேதான்.

அதற்கும் கீழே இரண்டு கட்டங்கள். 'பார்சலில் அனுப்பவும்.' 'நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.'

இரண்டாவதில் டிக் இருந்தது.

கை தவறி அமுக்கியிருப்பார்கள் என்றாள் ரெபேக்கா. இரண்டு பொட்டலத்துக்காக ராய்ச்சூரிலிருந்து யார் ரயில் ஏறுவார்கள்? இப்படிப் பொருந்தாமல் வருவதையெல்லாம் பார்சல் என்று திருத்தித்தான் கடைக்கு அனுப்புவது வழக்கம்.

அவள் திருத்தாமல் அனுப்பினாள்.